வீக்லி ஆஃபுக்கு ஒரு மலை!

ஆறு நாள் ஷிப்ட். ஏழாவது நாள் ரூம்ல தூக்கம், இல்லேன்னா பஸ் பிடிச்சு பெங்களூரு மால். உங்க சண்டேவும் இப்படித்தான் கரையுதா? அப்போ இது உங்களுக்குத்தான்.

ஓசூர் டு கிருஷ்ணகிரி ஹைவேயில் போகும்போது, ஜன்னல் வழியா மொட்டைப் பாறைக் குன்றுகள் தெரியுமே... அதுக்கு வயசு என்ன தெரியுமா? இந்த வட்டாரப் பாறைகள் உருவாகி சுமார் 250 கோடி வருஷம் ஆச்சு. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் அடிமட்டத்தில் கிடக்கும் பாறைக்கே சுமார் 180 கோடி வருஷம்தான். அதைப் பார்க்க விசா வேணும். இதுக்கு ஒரு ஜோடி ஷூ போதும்!

முதல் தடவை ஏறுகிறவர்களுக்கு ராயக்கோட்டை பெஸ்ட். ஓசூரிலிருந்து தர்மபுரி போகும் ரயில் பாதையில் ஸ்டேஷன் இருக்கு. உச்சியில் இடிந்த கோட்டை, சுனைகள், ஆளைத் தள்ளும் காத்து. திப்பு சுல்தானிடம் இருந்த இந்தக் கோட்டையை 1791-ல் ஆங்கிலேயப் படை பிடித்தது.

கிருஷ்ணகிரி மலைக்கோட்டை அவ்வளவு லேசில் மசியவில்லை. அதே வருஷம் நவம்பரில் மேக்ஸ்வெல்லின் படை கீழே இருந்த பேட்டையைப் பிடித்துவிட்டது. ஆனால், மேல்கோட்டைக்குள் நுழைய முடியாமல் திரும்பியது. அடுத்த வருஷம் போட்ட ஒப்பந்தத்தில்தான் பாராமகால் சீமையே ஆங்கிலேயர் கைக்குப் போனது. பீரங்கியோடு வந்தவன் தோற்ற மலையில், தண்ணி பாட்டிலோடு நீங்க ஜெயிக்கலாம்!

மூணாவது, மல்லச்சந்திரம். குன்றின் மேல் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல் வைத்துக் கட்டிய கல்திட்டைகள். செத்தவர்களுக்காக 2,000 வருஷத்துக்கும் முன்னால் எழுப்பியவை. பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை. சில கற்களில் வெள்ளை வண்ண ஓவியங்கள்.

இதே மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் சட்டசபையில் அறிவித்தார்கள். யோசிச்சுப் பாருங்க... நீங்க லேத்தில் இரும்பு கடையும் இதே மண்ணில், 4,000 வருஷத்துக்கு முன்னாலேயே ஒருத்தர் இரும்பைக் கையில் வெச்சிருந்தார். அவர் உங்க சீனியர்!

சீனியருக்கு நாம தரும் மரியாதை என்ன? கோட்டைச் சுவரில் ஆணியால் பேர், அம்பு பாய்ந்த ஹார்ட். பாறை இடுக்கில் உடைந்த பாட்டில். அந்த ஓவியத்தை வரைந்தவன் பேரே நமக்குத் தெரியாது. ஆனாலும் அவன் கோடு நிக்குது. அதுக்கு மேலே நீங்க கிறுக்கினா ரெண்டு பேரும் காலி. இன்னொரு பக்கம், நம்ம வீட்டு கிச்சன் மேடைக்காகக் குன்றுகளை கிரானைட் குவாரிகள் அறுத்துட்டிருக்கு. யாருமே ஏறாத, யாருக்குமே பேர் தெரியாத குன்று காணாமப் போனா கேட்க ஆள் இருக்காது. நாலு பேர் தேடிப் போகிற குன்றுக்குத்தான் குரல் கொடுக்கவும் நாலு பேர் வருவாங்க. அதுக்காகவாவது ஏறுங்க.

கிளம்பும் முன் சில விஷயம்:

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சூப்பர் சீசன். காலை ஆறு மணிக்கே ஏற ஆரம்பிச்சு, வெயில் ஏறும் முன் இறங்கிடுங்க. சித்திரையில் பாறை தோசைக்கல்!

மழை நாளில் வேண்டாம், பாறை வழுக்கும். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி கட்டாயம். தனியா போகாதீங்க. தேன்கூடு கண்ணில் பட்டா சத்தம் போடாம நகருங்க.

தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் யானைக் காடு. ராகி அறுவடை சமயத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்தும் கூட்டமா வரும். வனத்துறை அனுமதி இல்லாம அங்கே கால் வைக்காதீங்க.

இறங்கி வந்ததும் சுடச்சுட ராகிக் களி, கீரைக் குழம்பு. திங்கட்கிழமை ஷிப்ட்டுக்குப் போகும்போது கால் கொஞ்சம் வலிக்கும். ஆனா பஸ் ஜன்னல்ல அந்தக் குன்று தெரியும்போது, பக்கத்து சீட்காரரிடம் 'அதுமேல நான் ஏறியிருக்கேன்'னு சொல்லத் தோணும். சொல்லுங்க. அடுத்த சண்டே அவரையும் கூட்டிட்டுப் போங்க!