பயிற்சிப் பட்டையும் நாயின் கழுத்தும்

நாயின் கழுத்தில் முன்பக்கம் மூச்சுக்குழாய் இருக்கிறது. அதை ஒட்டி உணவுக்குழாய். குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருபுறமும் தைராய்டு சுரப்பி. பக்கவாட்டில் தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளும், அங்கிருந்து இதயத்துக்குத் திரும்பும் சிரைகளும் ஓடுகின்றன. கூடவே இதயத் துடிப்பையும் குரலையும் ஆளும் நரம்புகள்; பின்னால் ஏழு கழுத்தெலும்புகள். இத்தனையையும் போர்த்தியிருக்கும் மேல்தோல் மனிதத் தோலைவிட மெல்லியது. முடி அடர்ந்திருப்பதால்தான் அது தடித்த தோல் போலத் தோன்றுகிறது. கடைகளில் பயிற்சிக்கென்று விற்கும் பெல்ட், சங்கிலி, மின்பட்டை எல்லாம் வேலை செய்வது இந்த ஒரு சாண் இடத்தில்தான்.

இழுக்கும் நாயின் கழுத்தில் என்ன நடக்கிறது என்பது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் 26 நாய்கள் கழுத்துப் பட்டையோடு இழுத்தபோது அவற்றின் கண்ணழுத்தம் கணிசமாக உயர்ந்தது. மார்பில் மாட்டும் ஹார்னஸோடு இழுத்தபோது அப்படி உயரவில்லை. கண்ணழுத்த நோய் உள்ள நாய்க்கும், கண் பிதுங்கிய பக் போன்ற இனங்களுக்கும் இது சிறிய விஷயமல்ல. பிரிட்டனின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக் கழுத்து ஒன்றில் பல வகைப் பட்டைகளை மாட்டி, மெல்லவும் வெடுக்கென்றும் இழுத்துப் பார்த்தார்கள். 2020-இல் வெளியான அவர்களுடைய முடிவு நேரடியானது: நாய் இழுக்கும்போது கழுத்துக்கு ஆபத்தில்லாத பட்டை என்று சோதித்தவற்றில் ஒன்றுகூட இல்லை. மெத்தென்ற உள்துணி வைத்த பட்டைக்கும் இது பொருந்தும். ஆகவே எந்தப் பட்டை நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால், நாய் இழுக்காமல் நடக்கக் கற்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சாதாரண பெல்ட்டுக்குரிய அளவு இரண்டு விரல். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். பொமரேனியன் அளவுள்ள நாய்க்கு ஒரு விரல் போதும். அதைவிடத் தளர்வாக இருந்தால் நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொள்ளும். கீழ்த்தாடையோ முன்னங்காலோ பட்டைக்குள் மாட்டிக்கொள்ளவும் கூடும். தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குத் தலை குறுகல், கழுத்து நீளம். சாதாரண பெல்ட் எளிதில் கழன்றுவிடும். இவற்றுக்கு மார்ட்டிங்கேல் என்ற பட்டை ஏற்றது. நாய் பின்வாங்கினால் அது ஓரளவு இறுகும், பிறகு நின்றுவிடும். முழுதாக இறுகிய நிலையில் அது கழுத்தின் சுற்றளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். அதைவிடச் சுருங்கினால் அளவு தவறு. வயது முதிர்ந்த சிறு இன நாய்களில் மூச்சுக்குழாயின் வளையங்கள் தளர்ந்து குழாய் ஒடுங்குவது உண்டு. வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல் அதன் அடையாளம். அந்த இருமல் உள்ள நாய்க்குக் கழுத்தில் கயிறு மாட்டுவதே கூடாது.

சோக் செயின் எனப்படும் சுருக்குச் சங்கிலிக்கு அப்படி நிற்குமிடம் கிடையாது. இழுக்க இழுக்க இறுகிக்கொண்டே போகும். ஜெர்மன் காவல்துறை நாய்ப் பயிற்சியாளர் கொன்ராட் மோஸ்ட் 1910-இல் எழுதிய பயிற்சி நூலும், அதன் வழிவந்த ராணுவப் பயிற்சி முறைகளும் கண்டிப்பை நடுவில் வைத்தவை. ஒரு நொடி வெடுக்கென்று இழுத்து உடனே விடுவதுதான் சுருக்குச் சங்கிலிக்கு அம்மரபில் சொல்லப்பட்ட முறை. வீடுகளில் நடப்பது வேறு. குட்டியோடு சேர்த்து வாங்கிய சங்கிலி நாள் முழுக்கக் கழுத்தில் கிடக்கிறது. அதிலேயே கொக்கி மாட்டி ஜன்னல் கம்பியில் கட்டிவிடுகிறார்கள். நாய் திண்ணையிலிருந்து குதித்தாலோ, பூனையைப் பார்த்துப் பாய்ந்தாலோ, சங்கிலியைத் தளர்த்த ஆள் இல்லை. இந்தச் சங்கிலியால் நாயைக் கட்டிப்போடக் கூடாது, கூண்டுக்குள் விடக் கூடாது, தனியாக விட்டுப் போகக் கூடாது. மாட்டும் திசையிலும் கவனம் வேண்டும். கயிற்றோடு சேரும் வளையம் கழுத்தின் மேற்புறமாக வந்தால்தான் கை தளர்ந்ததும் சங்கிலி தளரும். தலைகீழாக மாட்டினால் இறுகியபடியே நிற்கும். குட்டிக்கும், மூக்கு சப்பையான இனங்களுக்கும், கழுத்துத் தண்டுவட நோய் வரக்கூடிய டாக்ஸ்ஹண்டுக்கும் இது அறவே ஆகாது.

முள்பட்டை என்பது உள்நோக்கி வளைந்த உலோக முனைகள் கொண்ட வளையங்களின் கோவை. அழுத்தம் கழுத்தைச் சுற்றிப் பரவுவதால் சுருக்குச் சங்கிலியைவிட மேல் என்று இதன் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். அழுத்தம் பரவலாம், வலி கொடுத்து அடக்குவதுதான் அதன் வேலை என்பது மாறவில்லை. ஜெர்மனி 2022 ஜனவரி முதல் நாய்ப் பயிற்சியில் முள்பட்டையைத் தடை செய்திருக்கிறது. வளையங்கள் எதிர்பாராமல் கழன்றுகொள்வதும் உண்டு. சாலை நடுவே அது நடந்தால் நாய் வாகனங்களுக்கிடையே ஓடிவிடும். எனவே இதைப் போடுகிறவர்கள்கூடச் சாதாரண பெல்ட் ஒன்றைத் துணைக்கு மாட்டிக் கயிற்றை இரண்டிலும் இணைப்பது வழக்கம்.

மிகுந்த எச்சரிக்கை வேண்டியது மின்பட்டை. 1960-களின் இறுதியில் அமெரிக்காவில், கண்ணுக்கெட்டாத தொலைவில் ஓடும் வேட்டை நாய்களுக்காக இது விற்பனைக்கு வந்தது. இன்று இணையக் கடையில் யாரும் வாங்கலாம். பட்டையில் ஒரு சிறு பெட்டி, அதிலிருந்து தோலைத் தொடும் இரண்டு உலோக முனைகள், உரிமையாளர் கையில் ரிமோட். பொத்தானை அமுக்கினால் ஒலியோ, அதிர்வோ, மின்னதிர்ச்சியோ கழுத்தில் விழும். ரிமோட்டில் காட்டும் எண் வலியின் அளவல்ல. ஒரு நிறுவனத்தின் 10-ஆம் எண்ணும் இன்னொன்றின் 10-ஆம் எண்ணும் ஒன்றல்ல. ஒரே பட்டைகூட உலர்ந்த முடியில் ஒரு மாதிரியும், மழையில் நனைந்த தோலில் வேறு மாதிரியும் உறைக்கும். குரைத்தால் தானே அதிர்ச்சி தரும் பட்டைகள் இன்னும் மோசம். பக்கத்து வீட்டு நாய் குரைத்ததற்கு இந்த நாய் தண்டனை வாங்கும் மாதிரிகளும் உண்டு.

கழுத்தில் விழும் வலியை விடவும் பெரிய கேடு, நாய் அந்த வலியை எதோடு முடிச்சுப் போடுகிறது என்பது. தெருவில் சைக்கிளில் போகும் சிறுவனைப் பார்த்துக் குரைத்தது, பொத்தான் அமுக்கப்பட்டது. குரைத்ததால் வலித்தது என்று நாய் புரிந்துகொள்ளும் என்பது உரிமையாளரின் கணக்கு. சிறுவன் வந்தால் வலிக்கும் என்பது நாயின் கணக்காக இருக்கலாம். அன்றைக்குக் குரைப்பு அடங்கிவிடும், பயம் உள்ளே தங்கிவிடும். உறுமி எச்சரிக்கக்கூட அஞ்சும் நாய் ஒருநாள் எச்சரிக்காமலே கடிக்கும்.

நெதர்லாந்தில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வு, காவல் பயிற்சி பெறும் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களைக் கவனித்தது. மின்னதிர்ச்சி பெற்ற நாய்கள் பயிற்சித் திடலில் மட்டுமல்ல, பூங்காவில் உலாவும்போதும் மற்றவற்றைவிட அதிகமாக மிரண்டன. தம்மைப் பயிற்றுவித்தவர் அருகில் இருப்பதே வலியின் அறிகுறி என்று அவை கற்றுவிட்டதாகத் தெரிந்தது. 2007-இல் ஹனோவரில் 14 பீகிள் நாய்களின் எச்சிலில் மனஅழுத்த ஹார்மோன் அளக்கப்பட்டது. பொம்மை முயலைத் தொடும் அதே கணத்தில் அதிர்ச்சி பெற்று, காரணத்தைக் கணிக்க முடிந்த நாய்களுக்கு அது பெரிதாக உயரவில்லை. காரணமே புரியாமல் அதிர்ச்சி பெற்ற நாய்களுக்கே மிக அதிகமாக உயர்ந்தது. அந்த ஒரு கணத்தைத் தவறாமல் பிடிப்பது ஆய்வுக்கூடத்தில் முடியும். காலை நடையில், கைபேசி ஒரு கையிலும் ரிமோட் மறு கையிலுமாக நடப்பவருக்கு முடியாது.

இத்தனை ஆபத்துக்கு ஈடான பலன் உண்டா என்பதற்கும் விடை இருக்கிறது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகம், கூப்பிட்டால் வராத 63 நாய்களை மூன்று குழுவாகப் பிரித்து ஆராய்ந்தது. ஒரு குழுவுக்கு மின்பட்டை தயாரிப்பாளர்கள் தரப்பே பரிந்துரைத்த பயிற்சியாளர்கள் அந்தப் பட்டையோடு கற்பித்தார்கள். அவர்களே இன்னொரு குழுவுக்குப் பட்டை இல்லாமல் கற்பித்தார்கள். மூன்றாவது குழுவுக்குத் தீனியும் பாராட்டும் தந்து கற்பிப்பவர்கள். 2020-இல் வெளியான முடிவின்படி, மூன்றாவது குழுதான் சொன்னதற்கு விரைந்து பணிந்தது. வேல்ஸ் 2010-இலேயே மின்பட்டையைத் தடை செய்துவிட்டது. ஜெர்மனியில் 2006-இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அதன் பயன்பாடு கூடாது என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் விலங்கு நடத்தையியல் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2021-இல், எல்லா நாய்களுக்கும் எல்லாப் பிரச்சினைகளுக்கும் பரிசளித்துக் கற்பிக்கும் முறையையே பரிந்துரைத்தது. இத்தனைக்குப் பிறகும் வீட்டு நாய்க்கு மின்னதிர்ச்சி வேண்டும் என்பதற்கு ஒரு நியாயமும் மிச்சமில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்ட வீடுகளில் அதிர்ச்சி வசதியை அணைத்துவிட்டு அதிர்வை மட்டும் வைத்துக்கொள்ளலாம். காது கேளாத நாய்க்கு இது உண்மையிலேயே உதவும். அதிர்வு வந்ததும் ஒரு துண்டு கோழிக்கறி. இப்படிப் பல நாள், பல முறை. கடைசியில் கழுத்தில் அதிர்வு என்றால் எஜமானிடம் ஓடு என்று நாய்க்கு விளங்கிவிடும். அதிர்வுக்கே மிரளும் நாய்களும் உண்டு; அவற்றுக்கு இது வேண்டாம். எந்த வசதிக்காக மாட்டினாலும் சில கட்டுப்பாடுகள் மாறாதவை. உலோக முனை பல மணி நேரம் ஒரே இடத்தில் அழுத்தினால் தோல் அழுகிப் புண்ணாகும். இது மின்சாரம் சுட்டதல்ல, அழுத்தத்தால் வருவது. ஆகவே ஓரிரு மணிக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும், இரவில் கழற்றிவிட வேண்டும், தினமும் முடியை விலக்கித் தோலைப் பார்க்க வேண்டும். நடைக்கயிற்றை அந்தப் பட்டையில் மாட்டக் கூடாது. கழுத்தில் இருக்கும்போதே சார்ஜ் போடக் கூடாது.

எந்தப் பட்டை போட்டாலும் நாய் தன் வருத்தத்தை உடலால் சொல்லிவிடும். தூக்கமில்லாத நேரத்துக் கொட்டாவி, தீனி இல்லாதபோது உதட்டை நக்குவது, வாலை இடுக்குவது, ஒரு காலைத் தூக்கியபடி நிற்பது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது ஆகியவை அதன் மொழி. பட்டையை எடுத்ததுமே நாய் ஒளிந்துகொண்டால் பயிற்சியை அன்றோடு நிறுத்த வேண்டும். நேற்றுவரை அடங்கியிருந்த நாய் திடீரென்று முரண்டு பிடித்தால், முதலில் போகவேண்டிய இடம் கால்நடை மருத்துவமனை. காதுவலியும் மூட்டுவலியும் கீழ்ப்படியாமை போலவே தோற்றமளிக்கும்.

இழுக்கும் நாய்க்கு நல்ல மாற்று, மார்பின் நடுவில் கொக்கி உள்ள ஹார்னஸ். நாய் முன்னே பாய்ந்தால் உடல் பக்கவாட்டில் திரும்பிவிடும்; தொண்டையில் எதுவும் அழுந்தாது. அக்குளில் உராய்கிறதா, தோள் தடையில்லாமல் அசைகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். முகத்தில் மாட்டும் தலைப்பட்டையும் இருக்கிறது. அது வாய்மூடி அல்ல. அதோடு நாய் கொட்டாவி விடலாம், தண்ணீர் குடிக்கலாம். தீனி கொடுத்துப் பல நாள் பழக்கிய பிறகே அதோடு வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். அதில் நீண்ட கயிறு மாட்டி, ஓடும் நாயைச் சட்டென்று நிறுத்தினால் கழுத்து திருகிக்கொள்ளும்.

நடைப் பயிற்சிக்குத் தேவை சாதாரண பெல்ட் அல்லது ஹார்னஸ், ஏறத்தாழ ஆறடிக் கயிறு, ஒரு கைப்பிடி தீனி. கயிறு தொய்வாக இருக்கும்வரை நடை. விறைத்ததும் மனிதர் நின்றுவிட வேண்டும். நாய் திரும்பிப் பார்த்தோ ஓரடி பின்வந்தோ கயிறு தொய்ந்தவுடன் பாராட்டும் தீனியும் அந்த நொடியிலேயே தந்து மறுபடி நடை. ஐந்து நொடி கழித்துக் கொடுக்கும் பிஸ்கட் வேறெதற்கோ கொடுத்ததாகிவிடும். வீட்டில் ஒருவர் ‘கம்’ என்றும் இன்னொருவர் ‘வா’ என்றும் கூப்பிட்டால் நாய் குழம்பும். எந்த மொழியானாலும் ஒரே சொல் போதும். முதல் வாரம் வாசலிலிருந்து தெருமுனை போவதற்கே கால் மணி நேரம் ஆகலாம். அந்தப் பொறுமைதான் பயிற்சியின் பெரும்பகுதி.

நல்ல பட்டைக்கும் பராமரிப்பு உண்டு. நாய் நனைந்தால் பட்டையைக் கழற்றிக் கழுத்தைத் துவட்ட வேண்டும். ஈரப் பட்டைக்கடியில் தோல் வெந்து நாறும். உண்ணிகள் ஒளிய விரும்பும் இடமும் அதுதான். இரண்டு நாய்கள் கட்டிப் புரண்டு விளையாடும்போது ஒன்றின் பல் மற்றதன் பட்டையில் மாட்டுவது உண்டு. விளையாட்டு நேரத்தில் இரண்டுக்கும் கழற்றிவிடுவது நல்லது. கட்டிப்போடும் விஷயத்தில் சட்டமும் பேசுகிறது. இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் விலங்கைக் கட்டிவைப்பதைக் கொடுமை என்று வகைப்படுத்துகிறது.

பட்டையால் வரும் காயங்களில் கொடியது ஒன்றை ஏற்படுத்துவது, யாரும் அஞ்சாத சாதாரண பெல்ட்தான். தெருவில் திரியும் குட்டிக்கு யாரோ அன்போடு ஒரு பெல்ட்டோ, இரவில் வண்டிக்காரர்களுக்குத் தெரியட்டும் என்று ஒளிரும் பட்டையோ மாட்டிவிடுகிறார்கள். குட்டி வளர்கிறது, பட்டை வளர்வதில்லை. சில மாதங்களில் அது தோலை அறுத்துச் சதைக்குள் புதைந்து, புண்ணில் புழு வைத்து, மயக்க மருந்து கொடுத்து வெட்டி எடுக்கும் நிலை வந்துவிடும். தெருக்குட்டிக்குப் பட்டை கட்டுகிறவர்கள் அது முழு வளர்ச்சி அடையும்வரை வாரந்தோறும் இரண்டு விரல் விட்டுப் பார்த்துத் தளர்த்த வேண்டும். அது முடியாதென்றால் கட்டாமல் விட்டுவிட வேண்டும்.