பன்னிரண்டு இதழ்களும் ஒரு நாட்காட்டியும்

இலக்கிய வட்டங்கள் வெளியிடும் செய்திமடல்கள் நான்காம் ஐந்தாம் இதழோடு நின்றுவிடுவது ஏன் என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். பணமில்லை என்பதே பலரது பதில். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. எட்டுப் பக்க மாத மடலொன்றைப் பல ஆண்டுகள் தயாரித்தவன் என்ற வகையில் சொல்கிறேன்: பணம் தீருமுன்பே விடயம் தீர்ந்துபோகிறது. முதல் இதழில் கையிலுள்ள அனைத்தையும் கொட்டிவிட்டு, அடுத்ததற்கு மாதக் கடைசியில் வீடு வீடாக அலைகிறோம்.

இதற்கு நாங்கள் கண்ட வழி எளிமையானது. ஒரு பெரிய அட்டையில் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அந்த மாதத்து இதழில் வரவேண்டியது, எழுதித் தருபவர், தரவேண்டிய திகதி. இதை ஆசிரியபீட நாட்காட்டி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆசிரியபீடம் என்பது மூன்று கதிரைகள்தான்.

திகதியைப் பின்னோக்கி எண்ணவேண்டும். முதலாந் திகதி வாசகர் கையில் மடல் இருக்கவேண்டுமானால், தபாலுக்கு நான்கு நாள், அச்சகத்துக்கு ஒரு வாரம், ஒப்புநோக்க மூன்று நாள் என்று நாங்கள் கணக்கிட்டோம். அதற்கு முன்பே கட்டுரை கைக்கு வந்தாக வேண்டும். இடையில் போயா விடுமுறை வரும். ஏப்ரலில் புத்தாண்டுக்கு அச்சகம் பூட்டிக்கிடக்கும். ரமழான் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னே நகரும். ஆகவே சென்ற ஆண்டின் அட்டையை அப்படியே பிரதிசெய்ய முடியாது.

கட்டங்களை நிரப்பத் தொடங்கினால் வேடிக்கையான ஒன்று தெரியவரும். டிசம்பரில் இடமே இல்லை. 5ஆம் திகதி ஆறுமுகநாவலர் நினைவுநாள். 6ஆம் திகதி பேராசிரியர் கைலாசபதி நினைவுநாள். 11ஆம் திகதி பாரதி பிறந்தநாள். 18ஆம் திகதி மீண்டும் நாவலர், இம்முறை பிறந்தநாள். எட்டுப் பக்கத்தில் எல்லோரையும் நெருக்கினால் ஒருவருக்கும் நியாயம் கிடைக்காது. நாங்கள் கைலாசபதியை அவர் பிறந்த ஏப்ரலுக்கு மாற்றினோம். விபுலானந்த அடிகளுக்கு ஜூலை, தனிநாயகம் அடிகளுக்கு ஓகஸ்ட் என்று வைத்தோம். யாழ். பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதை ஜூன் இதழ் நினைவுகூரும். அதற்கான கட்டுரையை மார்ச்சிலேயே கேட்டுவிடுவோம்.

திட்டம் முறியவும் செய்யும். நாவலரின் இருநூறாவது ஆண்டான 2022இல் சிறப்பிதழ் போட எண்ணியிருந்தோம். அவ்வாண்டு கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. எங்கள் மடலை யார் கவனிப்பார்! நான்கு பக்கமாகச் சுருக்கினோம். எதை விடுவது என்பதை அட்டையைப் பார்த்தே தீர்மானிக்க முடிந்தது.

எங்கள் அட்டையில் ஒரு பெரிய குறையும் இருந்தது. மூத்த எழுத்தாளர் ஒருவரின் பேட்டியை அவர் பிறந்த நவம்பர் மாதத்தில் குறித்திருந்தோம். ஒக்டோபரில் போய்க் கதைக்கலாம் என்று இருந்தோம். அவர் ஓகஸ்ட் மாதத்தில் காலமானார். பேட்டிக்கு ஒதுக்கிய இரண்டு பக்கங்களிலும் அஞ்சலிக் கட்டுரை வந்தது. எழுதியவன் நான். அவரிடமே கேட்டிருக்கவேண்டிய சங்கதிகளை மற்றவர்களிடம் கேட்டு எழுதினேன். அவர் வீடு என் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரத் தூரம்தான்.

மறைந்தவர்களின் திகதிகளை அவ்வளவு கவனமாக நிரப்பிய நாங்கள், வாழ்பவர்களையும் அதே கணக்கில் வைத்திருந்தோம். அதன்பின் ஒவ்வொரு கட்டத்தையும் கோடிட்டு இரண்டாக்கினோம். ஒரு பாதியில் அச்சிடும் மாதம், மறுபாதியில் சேகரிக்கும் மாதம். எண்பதைத் தாண்டியவர்களின் பேட்டி எந்த மாதம் அச்சேறினாலும் சேகரிப்பது ஜனவரியில் என்று முடிவாயிற்று.

1966 ஓகஸ்டில் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’ நானூறு இதழ்களைத் தாண்டியது. அதன் அட்டைகளில் எழுத்தாளரும் கலைஞரும் தொடர்ந்து இடம்பெற்றனர். அவர்களிற் பலர் தம்மைப் பற்றி எழுதப்பட்டதைத் தாமே வாசித்தார்கள். அந்த இதழ்களைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு அந்த நவம்பர் இதழ் நினைவுக்கு வரும்.

இவ்வாண்டு ஜனவரிக் கட்டத்தில் மூன்று பெயர்கள். இருவரைச் சந்தித்தாயிற்று. மூன்றாமவருக்குக் காது சற்று மந்தம். கேள்விகளைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு வரச்சொன்னார். ஞாயிறு காலை போகிறேன்.