நரம்புல இருக்கு விஷயம்!

வாரம் ஆறு நாள் லெட்ஜரோடு மல்லுக்கட்டிவிட்டு, ஏழாம் நாள் ஆத்தங்கரையில் தூண்டிலோடு உட்காரும் ரகமா நீங்கள்? கை கொடுங்கள் சார்! ஒரே ஒரு கேள்வி. தூண்டில் வாங்கப் போனபோது எதற்கு அதிக நேரம் செலவழித்தீர்கள்? கோலுக்கு. அப்புறம் பளபளவென்று மின்னுகிற ரீலுக்கு. நரம்புக்கு? "ஏதாச்சும் ஒண்ணு, அறுந்துபோகாததா குடுங்க" என்று கடைக்காரர் தலையில் பாரத்தை இறக்கியிருப்பீர்கள். அவரும் இருப்பதிலேயே தடியான சுருளைத் தூக்கிக் கொடுத்திருப்பார். அதில் எருமை மாட்டைக் கட்டலாம். மீன்தான் வராது.

அறுந்துபோகாத நரம்பு என்று தனியாக ஒரு ஜாதி கிடையாது. எந்தத் தண்ணீர், என்ன மீன் என்பதுதான் நரம்பை முடிவு பண்ணுகிறது. இதைப் புரிந்துகொள்ள மூங்கில்துறைப்பட்டை விடத் தோதான ஊர் கிடைக்காது. சர்க்கரை ஆலை ஊர், பக்கத்திலேயே தென்பெண்ணை. மேலே சாத்தனூர் அணை. அணை மூடியிருந்தால் ஒரு ஆறு, திறந்துவிட்டால் வேறு ஆறு!

கோடையில் ஆறு மெலிந்து, அங்கங்கே மடுவாகத் தேங்கி நிற்கும். தண்ணீர் தெளிவு. கெண்டையும் ஜிலேபியும் கரையோரம் மேயும். இங்கே 0.20 மி.மீ. நைலான் நரம்பு, அதாவது ஒற்றை இழை, தாராளமாகப் போதும். நல்ல சரக்காக இருந்தால் சுமார் மூணு கிலோ இழுவை தாங்கும். தடி நரம்பு போட்டால் மீன் கண்ணில் படுவது ஒரு பக்கம்; அதைவிடப் பெரிய வம்பு, அதன் விறைப்பு. முள்ளில் கோத்த மண்புழு தண்ணீரில் இயல்பாகத் தொங்காமல் அட்டென்ஷனில் நிற்கும். கெண்டை ஒன்றும் முட்டாள் இல்லை.

'ரெண்டு மடங்கு தடிமன்னா ரெண்டு மடங்கு பலம்தானே' என்று கணக்குப் போடாதீர்கள். நான் பி.காம்., இந்தக் கணக்கு எனக்கே பிடித்துப்போனது: தடிமன் ரெண்டு மடங்கானால் பலம் கிட்டத்தட்ட நாலு மடங்கு! கூட்டு வட்டி தோற்றது. ஆனால் விறைப்பு அதைவிட வேகமாக ஏறும். வட்டியோடு வரியும் உண்டு இல்லையா?

அணையில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் கதை மாறும். கலங்கல், இழுப்பு, அடியில் பாறை. கட்லா, ரோகு மாட்டினால் ஒரே ஓட்டம்தான். இதற்கு 0.35, 0.40 நைலான். நைலான் ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு கொடுக்கும். மீன் திமிறுகிறபோது அந்த அதிர்ச்சியை நரம்பே வாங்கிக்கொள்ளும். முள் வாயைக் கிழித்துக்கொண்டு வராது. பாறையில் உரசினாலும் ஓரளவு தாக்குப் பிடிக்கும்.

"அண்ணே, பிரெய்டு பிரெய்டுங்கறாங்களே, அது?"

கேட்டீர்களே, அதுதான் பின்னல் நரம்பு. மெல்லிய இழைகளைச் சடை போல் பின்னியது. அதே தடிமனுக்கு நைலானைவிடப் பல மடங்கு பலம். நீளவே நீளாது. தண்ணீரில் மிதக்கும். ஏரியில் பாசிக்கும் தாமரைக்கும் நடுவில் பதுங்கியிருக்கிற விராலுக்கு இதுதான் எமன். விரால் கவ்வின மறுநிமிஷம் செடிக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும். பின்னல் நரம்பு தண்டை அறுத்துக்கொண்டு மீனோடு வெளியே வரும். நைலான் அங்கே இழுபட்டு நிற்கும், நீங்களும் நிற்பீர்கள்.

ஆனால் பாறை என்றால் இந்தச் சூரருக்கு ஜுரம்! இறுக்கமாக இருக்கும்போது ஒரு கூர்முனையில் உரசினால் 'டப்'. அதனால் விவரமானவர்கள் பின்னலை ரீலில் சுற்றி, நுனியில் ரெண்டு முழம் நைலான் முடிந்துகொள்வார்கள். வெறுங்கையில் பின்னலைச் சுற்றிப் பிடித்து இழுக்காதீர்கள்; விரல் அறுந்துவிடும். திங்கட்கிழமை டைப் அடிக்கணுமே.

ஃப்ளூரோகார்பன் என்று மூணாவது ஒன்று உண்டு. நைலானைவிடக் கனம், சீக்கிரம் முங்கும், தண்ணீருக்குள் அவ்வளவாகக் கண்ணில் படாது. விலை கண்ணில் படும். தெளிந்த தண்ணீரில் நுனிக்கு மட்டும் போட்டால் போதும்.

இந்த நைலானுக்கு ஒரு சோகக் கதை இருக்கிறது. 1935-ல் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இதை உருவாக்கியவர் வாலஸ் கரோத்தர்ஸ். 1937-ல் தற்கொலை செய்துகொண்டார். மறு வருஷம்தான் நைலான் கடைக்கு வந்தது, அதுவும் பல்தேய்க்கும் பிரஷ்ஷின் முடியாக! நம் தூண்டில் நரம்புக்கு அண்ணன் பாத்ரூமில் நிற்கிறான்.

எந்த நரம்பானாலும் அறுவது பெரும்பாலும் முடிச்சில்தான். இறுக்குவதற்கு முன்னால் எச்சில் தடவுங்கள். காய்ந்த முடிச்சை இழுத்தால் உரசலில் சூடேறி, அந்த இடமே பலவீனமாகிவிடும். வெயிலில் கிடந்து வெளுத்துச் சொரசொரத்த நைலானை இரக்கமில்லாமல் மாற்றுங்கள்.

இனி சிரிப்பு வேண்டாம். சாத்தனூரில் தண்ணீர் திறப்பதாக எச்சரிக்கை வந்தால், முள்ளில் திமிங்கிலமே மாட்டியிருந்தாலும் நரம்பை அறுத்துவிட்டுக் கரையேறுங்கள். 2024 டிசம்பர் 2-ந் தேதி விடிகாலையில், ஃபெஞ்சல் புயல் மழையில், அந்த அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி வெளியேறியது. எந்த நரம்பும் அதற்குத் தாங்காது. அணைக்குள்ளேயே தூண்டில் போடும் ஆசை இருந்தால் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே முதலைகளும் உண்டு. அவை அனுமதி கேட்பதில்லை.

கிளம்பும்போது அறுந்த நரம்பைக் கரையில் வீசிவிட்டு வராதீர்கள். நைலான் மக்காது. கொக்கும் நாரையும் காலில் சிக்கவைத்துக்கொண்டு, பறக்கவும் முடியாமல் இரை தேடவும் முடியாமல் செத்துப்போகின்றன. துண்டு துண்டாக நறுக்கி, காலியான டிபன் பாக்ஸில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மீன் எங்கே என்று வீட்டில் கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது வேண்டாமா?