பத்து சர்வர்களும் ஒரே மாதிரி இருக்கின்றனவா?

2023ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஒரே வாரத்துக்குள் முடங்கின. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பிட்காயினில் பணம் கேட்கும் ‘ரேன்சம்வேர்’ தாக்குதல் அது. குறிவைக்கப்பட்டவை வீட்டுக் கணினிகளோ அலுவலக மடிக்கணினிகளோ அல்ல. ஒரே இயந்திரத்துக்குள் பல கணினிகளை இயக்க உதவும் விஎம்வேர் நிறுவனத்தின் இஎஸ்எக்ஸ்ஐ மென்பொருள் நிறுவப்பட்ட சர்வர்கள். அப்படிப்பட்ட சர்வர் ஒன்று விழுந்தால், அதனுள் இயங்கும் சம்பளக் கணக்கு, மின்னஞ்சல், வாடிக்கையாளர் பதிவு எல்லாம் சேர்ந்தே விழும்.

தாக்குதலுக்கு வழிவிட்டதாகச் சொல்லப்பட்ட ஓட்டை புதியதன்று. அதை அடைக்கும் திருத்தம் 2021 பிப்ரவரியிலேயே வெளிவந்துவிட்டது. ஓட்டை இருந்த ‘ஓப்பன்எஸ்எல்பி’ சேவையை நிறுத்தி வைக்கவும் அறிவுறுத்தப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்தும் அந்தச் சர்வர்கள் பழைய நிலையிலேயே இருந்தன.

அலட்சியம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால், இத்துறையில் இருப்போருக்கு அது முழுக் கதையல்ல என்பது தெரியும். நாற்பது சர்வர்களில் முப்பத்தெட்டைச் சரிசெய்துவிட்டு, எஞ்சிய இரண்டு எவை என்றே தெரியாமல் இருக்கும் நிலைதான் பல இடங்களில் உண்மை.

நிறுவனங்கள் சர்வர்களைத் தனித்தனியாக வைத்திருப்பதில்லை. நான்கு, எட்டு, பதினாறு என்று ஒன்றாகச் சேர்த்துக் ‘கிளஸ்டர்’ எனும் கூட்டமாக இயக்குகின்றன. கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு சர்வரும் ‘ஹோஸ்ட்’ எனப்படும். மெய்நிகர் கணினிகள் ஒரு ஹோஸ்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு, இயங்கிக்கொண்டிருக்கும்போதே இடம் மாறலாம். ஒரு ஹோஸ்ட் பழுதானால் அதிலிருந்தவை மற்றவற்றில் மீண்டும் எழும். இதெல்லாம் நடக்க ஒரு நிபந்தனை உண்டு: எல்லா ஹோஸ்ட்களும் ஒரே மாதிரி அமைக்கப்பட்டிருக்க வேண்டும்.

வாங்கிய நாளில் அவை ஒரே மாதிரிதான் இருக்கும். பிறகு ஒரு நள்ளிரவில் கோளாறு ஏற்படும். பொறியாளர் ஒருவர் தொலைவிலிருந்து நுழைவதற்காக எஸ்எஸ்எச் சேவையைத் திறப்பார். கோளாறு தீரும், சேவை திறந்தபடியே கிடக்கும். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் புதிய ஹோஸ்ட்டைச் சேர்க்கும்போது, கட்டமைப்பு வலையின் பெயரில் ஒரு கோட்டை விட்டுவிடுவார். வேறொரு ஹோஸ்ட்டில் கடிகாரம் எந்த நேரச் சர்வரைப் பார்க்க வேண்டும் என்பது மாறியிருக்கும். இப்படிச் சிறுகச் சிறுக விலகிப் போவதை ‘டிரிஃப்ட்’ என்பார்கள்.

அன்றாட வேலையில் இது வெளியே தெரியாது. வலையின் பெயரில் உள்ள அந்த ஒரு கோடு, மெய்நிகர் கணினி இடம் மாற வேண்டிய நாளில்தான் குறுக்கே நிற்கும். நேரம் விலகினால் இன்னும் தொல்லை. விண்டோஸ் கட்டமைப்புகளில் பயனரை அடையாளம் காணும் கெர்பரோஸ் முறை, வழக்கமாக ஐந்து நிமிட வேறுபாட்டுக்கு மேல் பொறுத்துக்கொள்ளாது. இணைய ஊடுருவல் நடந்தால், பதிவேடுகளில் எது முதலில் நடந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

சிங்கப்பூரில் இது பொறியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்ட விஷயமும் அன்று. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையச் சுகாதார அறிவிக்கை 2020 ஆகஸ்ட் 6 அன்று நடப்புக்கு வந்தது. வங்கிகள் உள்ளிட்ட நிதி நிறுவனங்கள் தங்கள் ஒவ்வொரு கணினி முறைக்கும் பாதுகாப்புத் தரநிலைகளை எழுத்தில் வைத்திருக்க வேண்டும், அந்த முறை அவற்றுக்கு இணங்கி இருப்பதையும் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது அது. எழுதி வைப்பது எளிது. இணங்கியிருக்கிறதா என்று எப்படிக் காட்டுவது?

முன்பெல்லாம் ஒரு விரிதாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஹோஸ்ட்டாகத் திறந்து பார்ப்பார்கள். 2009இல் வந்த விஸ்பியர் 4, ‘ஹோஸ்ட் புரொஃபைல்’ எனும் வசதியைக் கொடுத்தது. பயன் இருந்தது, ஆனால் அமைப்பதும் பராமரிப்பதும் சிரமம் என்று பலர் தொடாமலே விட்டனர். விஸ்பியர் 8 கொண்டுவந்த ‘கான்ஃபிகரேஷன் புரொஃபைல்ஸ்’ முறை, கூட்டம் முழுவதற்கும் ஒரே ஆவணத்தை வைக்கிறது. ஹோஸ்ட்கள் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். மாதிரி ஹோஸ்ட் ஒன்றிலிருந்து அமைப்புகளை எடுத்து, திருத்தி, கூட்டத்துக்கு அறிவிக்கலாம். முகவரி, பெயர் போன்றவை ஒவ்வொரு ஹோஸ்ட்டுக்கும் வேறுபட்டே ஆக வேண்டும். அவற்றுக்குத் தனி விதிவிலக்கு எழுதலாம். மற்ற நிறுவனங்களின் மென்பொருள்களிலும் இதே எண்ணம் வேறு பெயர்களில் இருக்கிறது.

மாதிரி ஹோஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். அந்த ஹோஸ்ட்டில் எஸ்எஸ்எச் திறந்திருந்தால், அது ஆவணத்தில் ஏறி, எல்லா ஹோஸ்ட்களிலும் திறந்துவிடும். பிறகு சோதனை முடிவு பச்சையாகத்தான் இருக்கும். ‘இணங்குகிறது’ என்றால் எழுதியபடி இருக்கிறது என்று பொருளே தவிர, எழுதியது சரி என்று பொருளல்ல. தணிக்கையாளர்கள்கூடச் சில வேளைகளில் இந்தப் பச்சையைக் கண்டு திருப்தி அடைந்துவிடுவதுண்டு.

சோதித்துப் பார்ப்பதால் எதுவும் மாறாது. எந்த ஹோஸ்ட்டில் எந்த அமைப்பு விலகியிருக்கிறது என்ற பட்டியல் மட்டும் வரும். சரிசெய்வதுதான் கை வைக்கும் வேலை. சில மாற்றங்களை ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். சிலவற்றுக்கு ஹோஸ்ட்டைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும், சிலவற்றுக்கு மறுதொடக்கமும் தேவை. அப்போது அதிலுள்ள மெய்நிகர் கணினிகள் பக்கத்து ஹோஸ்ட்களுக்கு மாற்றப்படும். பொதுவாக ஒரு ஹோஸ்ட் முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும்.

பக்கத்தில் இடம் இருக்க வேண்டுமே! நான்கு ஹோஸ்ட்கள், ஒவ்வொன்றின் நினைவகமும் 70 விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை வெளியே எடுத்தால் எஞ்சிய மூன்றும் 93 விழுக்காட்டைத் தாண்டும். மூச்சு முட்டும், ஆனாலும் ஓடும். ஒவ்வொன்றும் 80 விழுக்காடு என்றால் மூன்றில் அடங்கவே அடங்காது. செலவைக் குறைக்க இயந்திரங்களை விளிம்புவரை நிரப்பும் நிறுவனங்கள், பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இடம் இருந்தும் நகராத மெய்நிகர் கணினிகளும் உண்டு. ஒரு ஹோஸ்ட்டின் கிராஃபிக்ஸ் அட்டையோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டது ஒன்று. மூன்று ஹோஸ்ட்களே உள்ள கூட்டத்தில், ‘ஒன்றாக இருக்கக் கூடாது’ என்று விதி போடப்பட்ட மூன்று இன்னொரு வகை. ஒரு ஹோஸ்ட் காலியாக வேண்டுமென்றால் விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தியாக வேண்டும். என்றோ மாட்டிய குறுந்தட்டுக் கோப்பைக் கழற்ற மறந்ததும் வேலையை நிறுத்தும். அனுபவமுள்ளவர்கள் முன்சோதனையை ஓரிரு நாள்களுக்கு முன்பே ஓட்டி, இவற்றைப் பகலிலேயே களைந்துவிடுகிறார்கள்.

சிவப்பாகத் தெரியும் எல்லாவற்றையும் உடனே ‘சரிசெய்’ என்று அழுத்துவதும் சரியல்ல. சேமிப்புக் கருவி தயாரிப்பாளரின் ஆலோசனைப்படி ஒரு ஹோஸ்ட்டில் வேண்டுமென்றே மாற்றப்பட்ட அமைப்பாக அது இருக்கலாம். அப்படியானால் திருத்த வேண்டியது ஆவணத்தை. யார், எதற்காக மாற்றினார் என்று கேட்டறிய ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அந்த ஆள் வேலையை விட்டுப் போயிருந்தால் பழைய பணிக்கோரிக்கைப் பதிவுகளைத் தோண்ட வேண்டியதுதான்.