பெட்டி தானாக வரவில்லை

தொழில்நுட்பம் நிறுவனங்களை எப்படி மாற்றுகிறது என்று சென்ற பருவத்தில் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. ‘கணினி வந்தது, எல்லாம் மாறியது’ என்று தொடங்கிய என்னைத் திருத்தியவர் என் தாத்தா. இளமையில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்.

“பெட்டி தானா வரலம்மா. அது வர வேண்டிய நிலைமை வந்துச்சு,” என்றார். பெட்டி என்று அவர் சொன்னது கொள்கலனை.

தேடிப் படித்தபோது அவர் சொன்னது புரிந்தது. கப்பலில் கொள்கலன்களை ஏற்றிச் செல்லும் முறை அமெரிக்காவில் 1956லேயே தொடங்கிவிட்டது. நாமோ 1965ல் தனி நாடானோம். 1968ல் பிரிட்டன் தன் படைகளை விரைவில் மீட்டுக்கொள்வதாக அறிவித்தது. படைத்தளங்களை நம்பியிருந்த ஆயிரக்கணக்கானோரின் வேலை கேள்விக்குறியானது. நாட்டுக்குப் புதிய பிழைப்பு தேவைப்பட்ட அந்தக் காலத்தில்தான் சிங்கப்பூர்த் துறைமுக ஆணையம் கொள்கலன் முனையத்தில் முதலீடு செய்தது. 1972 ஜூன் 23ஆம் தேதி, முதல் கொள்கலன் கப்பல் ‘நிஹோன்’ தஞ்சோங் பகாருக்கு வந்தது.

“நாங்க கூட்டமா நின்னு நாள்கணக்கா இறக்குற சரக்கைப் பாரந்தூக்கி சில மணி நேரத்துல இறக்கிடும். பெட்டியைப் பார்த்து எனக்குப் பயமில்ல. அந்த வேலையை யார் கத்துக்கொடுப்பாங்கன்னுதான் கவலை,” என்றார் தாத்தா. அவர் கொள்கலன் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டார். கற்க முடியாத அவருடைய நண்பர்கள் சிலர் ஊர் திரும்பினார்கள்.

பெட்டி வேகமாக இறங்கினாலும் அனுமதித் தாள்கள் மெதுவாக நகர்ந்தால் பயனில்லை. எனவே அலுவலகங்களும் மாறின. 1989ல் வந்த ‘டிரேட்நெட்’ மின்னியல் முறை, பல படிவங்களுக்குப் பதில் ஒரே படிவத்தைக் கொண்டுவந்தது. நாள்கணக்கில் காத்திருந்து பெற்ற அனுமதி நிமிடங்களில் கிடைத்தது.

இப்போது ஊரும் மாறுகிறது. 2022ல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகம், கடலை நிரப்பி உருவாக்கிய நிலத்தில் நிற்கிறது. அங்கே ஓட்டுநரில்லா வாகனங்கள் கொள்கலன்களைச் சுமக்கின்றன. 2040களில் முழுமையடையும்போது அது ஆண்டுக்கு 65 மில்லியன் கொள்கலன்களைக் கையாளக்கூடும். நகரை ஒட்டிய பழைய முனையங்கள் அங்கு மாறிச் செல்வதால் விடுபடும் நிலத்தில் வீடுகள் கட்டத் திட்டமுள்ளது.

என் மாமா பாரந்தூக்கி இயக்குபவர். 45 வயதில், திரைமுன் அமர்ந்து பல பாரந்தூக்கிகளை ஒருசேரக் கண்காணிக்கக் கற்று வருகிறார். “முதல் வாரம் தலையே சுத்துச்சு,” என்று சிரிக்கிறார்.

கட்டுரையின் தொடக்கத்தை மாற்றி எழுதினேன். சூழல் நிறுவனத்தை நெருக்குகிறது. நிறுவனம் தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுக்கிறது. தொழில்நுட்பம் மீண்டும் சூழலை மாற்றுகிறது. இந்தச் சுழற்சியில் யார் நிலைப்பார், யார் ஊர் திரும்புவார் என்பதை இயந்திரம் மட்டும் முடிவுசெய்வதில்லை. கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறாரா என்பதும் முடிவுசெய்கிறது. நாளை இத்தகைய முறைகளை வடிவமைக்கப்போகும் நாம், தாத்தாவின் அந்தக் கவலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.