புல மதிப்பைக் குறியீடாக வெளியிடல்

உள்ளடக்க மேலாண்மை அமைப்பு ஒன்றின் தரவுத்தளத்தில் தனித்தனிப் புலங்களாகச் சேமிக்கப்பட்ட மதிப்புகளை, உலாவி காட்டக்கூடிய மீயுரைக் குறியீடாக மாற்றித் தருவது புல மதிப்பைக் குறியீடாக வெளியிடல் எனப்படும். வேர்டுபிரசு, துருபல், மீடியாவிக்கி ஆகிய மென்பொருள்கள் இதைத் தத்தம் வழியில் செய்கின்றன. புலத்தில் மதிப்பு மட்டும் இருக்க வேண்டும், அதன் தோற்றம் பக்கம் உருவாகும்போதே சேர்க்கப்பட வேண்டும் என்பது இம்முறையின் அடிப்படை.

மதிப்பும் தோற்றமும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அன்று நகராட்சியாக இருந்த ஓசூரின் மக்கள்தொகை 1,16,821 ஆகும். இது புலத்தில் 116821 என்று வெறும் எண்ணாகவே இருக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தில் 1,16,821 என்றும், மேலைநாட்டு முறையைப் பின்பற்றும் பக்கத்தில் 116,821 என்றும் காற்புள்ளி இடுவது வெளியிடும் செயற்கூறின் வேலை. காற்புள்ளியோடு சேமித்தால் கணக்கிடுவதில் சிக்கல் வரும். பி.எச்.பி. மொழியில் அந்தச் சரத்தை முழு எண்ணாக மாற்றினால், முதல் காற்புள்ளியிலேயே வாசிப்பு நின்று 1 என்ற விடையே கிடைக்கும். அதைக் கொண்டு கணிக்கும் மக்களடர்த்தியும் தவறாகும்.

தகவற்சட்டங்கள்

தமிழ் விக்கிப்பீடியாவின் ஊர்க் கட்டுரைகளில் காணப்படும் தகவற்சட்டம் இம்முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. தொகுப்பவர் புலப்பெயரையும் மதிப்பையும் மட்டும் எழுதுகிறார். அட்டவணை, நிலப்பட இணைப்பு, படம் ஆகியவற்றை வார்ப்புரு அமைத்துக்கொள்கிறது. வார்ப்புருவில் புலங்களைப் பிரிப்பது செங்குத்துக் கோடு என்பதால், மதிப்புக்குள் அக்குறி வந்தால் மீதிப் பகுதி வேறொரு புலமாகக் கொள்ளப்படும்.

2012 அக்டோபரில் தொடங்கப்பட்ட விக்கித்தரவிலிருந்தும் மதிப்புகளைப் பெறலாம். இதற்கு இரண்டு செயற்கூறுகள் உள்ளன. ஒன்று மதிப்பை வெறும் உரையாகத் தருகிறது. மற்றொன்று இணைப்பு, படம் முதலியவற்றுடன் விக்கிக் குறியீடாகத் தருகிறது. மதிப்பை வேறொரு கணக்கீட்டுக்குப் பயன்படுத்த முதலாவது பொருந்தும். நேரே வாசகருக்குக் காட்ட இரண்டாவது பொருந்தும்.

சிறப்புக் குறிகள்

வாகன உதிரிபாகத் தொழிற்கூடங்கள் நிறைந்த ஓசூர் போன்ற பகுதியில், பொருட்பட்டியலின் ஒரு புலத்தில் "டாலரன்ஸ் <0.05 மி.மீ., எஃகு" என்ற மதிப்பு வரக்கூடும். இங்குள்ள சிறிது என்னும் குறியே (<) மீயுரையில் குறிச்சொல்லின் தொடக்கமும் ஆகும். அதனை அடுத்து இலக்கம் இருந்தால் இன்றைய உலாவிகள் எழுத்தாகவே காட்டும். ஆங்கில எழுத்து இருந்தால் குறிச்சொல்லாக எடுத்துக்கொண்டு மறைத்துவிடும். குறிச்சொற்களை நீக்க பி.எச்.பி. மொழியில் உள்ள செயற்கூறு இந்த வேறுபாட்டையும் பார்ப்பதில்லை. மேற்கண்ட மதிப்பை அதனிடம் கொடுத்தால் "டாலரன்ஸ்" என்ற சொல் மட்டுமே எஞ்சும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால், அளவு காணாமற்போனது பட்டியலைப் பார்த்துப் பொருள் வாங்குபவருக்குத் தெரியாது. குறியை நீக்காமல், வெளியிடும்போது அதற்குரிய மாற்றுக் குறியீடாக எழுதுவதே சரியான வழி.

பாதுகாப்பு

பயனர் உள்ளிட்ட மதிப்பை அப்படியே குறியீடாக வெளியிட்டால், அதில் ஒளிந்துள்ள நிரல் பக்கத்தைப் பார்ப்பவரின் உலாவியில் இயங்கிவிடும். இதைத் தடுக்க, 2015 நவம்பர் 19 அன்று வெளியான துருபல் 8, வார்ப்புருவில் அச்சிடப்படும் மதிப்புகளின் சிறப்புக் குறிகளைத் தானாகவே மாற்றும் முறையைக் கொண்டுவந்தது. துருபலில் ஒரு மதிப்பை வெற்றுரையாக வெளியிட்டால் எல்லாக் குறிகளும் மாற்றப்படும். குறியீடாக வெளியிட்டால், அனுமதிக்கப்பட்ட குறிச்சொற்கள் மட்டும் தங்கும். உரை வடிவம் ஒன்றின் வழியாக வெளியிட்டால், அவ்வடிவத்துக்கென நிர்வாகி அமைத்த வடிகட்டிகள் செயற்படும். வேர்டுபிரசிலும் இதுபோன்ற செயற்கூறுகள் உண்டு. எனினும் வார்ப்புருவில் அவற்றை எழுதிச் சேர்ப்பது நிரலரின் பொறுப்பு.

மொழிக் குறிப்பு

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர் வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் பேசப்படுகின்றன. ஊர்ப்பெயரை மூன்று எழுத்துகளிலும் ஒரே புலத்தில் சாய்கோடிட்டு எழுதினால், எந்தப் பகுதி எம்மொழி என்பதை மென்பொருளுக்குத் தெரிவிக்க வழியில்லை. மொழிக்கொரு புலம் இருந்தால், ஒவ்வொரு பெயருக்கும் உரிய மொழிப் பண்பைக் குறியீட்டில் சேர்க்கலாம். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பான், அப்பண்பைக் கொண்டே கன்னடப் பெயரைக் கன்னடக் குரலில் படிக்கிறது. இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் 3.1.2 ஆம் விதி, இயற்பெயர்கள் போன்ற சில விலக்குகளுடன், பக்கத்துக்குள் மொழி மாறும் பகுதிகளை இவ்வாறு குறிக்கக் கோருகிறது.