25-இல் ஒரு பங்கு லாரி

பீட்டர்பில்ட் 359 என்ற அமெரிக்க லாரி 1967 முதல் 1987 வரை தயாரானது. அந்த ஊர்ச் சாலை விதி அன்று அனுமதித்த அகலம் 96 அங்குலம், அதாவது சுமார் 2.44 மீட்டர். அதை 25 மடங்கு சுருக்கினால் பத்து சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. பின்னால் மாட்டும் 40 அடி டிரெய்லர் 49 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். அலமாரியின் ஒரு தட்டு போதும். ஆனால் லாரியில் இருக்கும் எல்லாமே இப்படிச் சமர்த்தாக 25-ஆல் வகுபடுவதில்லை. தகட்டின் தடிமன், பெயின்டின் கனம், டயர் தரையில் அமரும் விதம் எல்லாம் முரண்டு பிடிக்கும். பாகங்களைத் தனித்தனியாகத் தரும் கிட் வாங்கித் தன் விருப்பப்படி மாடல் லாரி கட்டுகிறவருக்கு இந்த முரண்டைச் சமாளிப்பதுதான் பெரும்பாலான வேலை.

மிச்சிகன் மாநிலத்தின் ட்ராய் நகரில் 1948-இல் தொடங்கிய ஏஎம்டி நிறுவனம்தான் இந்தப் பொழுதுபோக்குக்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டது. 1958-இல் ஒரே பெட்டிக்குள் மூன்று விதமாகக் கட்டக்கூடிய கார் கிட்டுகளை அது விற்பனைக்கு விட்டது. கம்பெனியிலிருந்து வந்த காரைப் போலவே கட்டலாம், பந்தயக் கார் ஆக்கலாம், இஷ்டப்படி மாற்றியும் கட்டலாம். லாரிகள் பிறகு வந்தன. 1970 வாக்கில் வெளியான பீட்டர்பில்ட் 359 கிட் இன்றும் மறுபடி மறுபடி கடைக்கு வருகிறது. உருகிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி, ஆறியதும் எடுத்தால் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் பாகங்கள் வரிசையாகத் தொங்கும். கதவு, ஸ்டியரிங், இலை வில் பட்டைகள், எஞ்சினின் விசிறி என்று எல்லாம் அதில் இருக்கும்.

ஒரு கிட்டின் கேபினோடு இன்னொரு கிட்டின் எஞ்சினையும் மூன்றாவதன் ஓட்டுநர் படுக்கை அறையையும் சேர்த்துக் கட்டுவதைக் கிட்-பேஷிங் என்கிறார்கள். கலப்படம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நிஜ அமெரிக்க லாரியும் அப்படித்தான் உருவாகிறது. டகோமாவைச் சேர்ந்த மர வியாபாரி டி. ஏ. பீட்டர்மேன், காட்டிலிருந்து மரம் இழுக்க வலுவான லாரி வேண்டும் என்பதற்காக, நொடித்துப்போன ஃபேஜியோல் ஆலையை வாங்கி 1939-இல் தொடங்கியதுதான் பீட்டர்பில்ட். அந்த நிறுவனத்தின் 359-ஐ வாங்கியவர் கம்மின்ஸ், கேட்டர்பில்லர், டெட்ராய்ட் டீசல் எஞ்சின்களில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடிந்தது. கியர்பாக்ஸ் ஈட்டன் ஃபுல்லருடையது, பின் ஆக்சில் ராக்வெல்லுடையது என்று ஆர்டர் படிவத்திலேயே வண்டி உருவாகிவிட்டது. ஆகவே கென்வொர்த் லாரி கிட்டிலிருந்து கம்மின்ஸ் எஞ்சினை எடுத்து பீட்டர்பில்ட்டில் வைக்கும் மாடல்காரர் வரலாற்றுக்குத் துரோகம் செய்வதில்லை.

அளவில் மட்டும் கவனம் வேண்டும். அமெரிக்கக் கிட்டுகள் பெரும்பாலும் 1:25. இத்தாலியின் இட்டாலெரி தயாரிப்பது 1:24. வித்தியாசம் வெறும் நான்கு சதவீதம். ஆனால் லாரியின் முழு அகலத்தில் அது 4 மில்லிமீட்டர். டயரிலும் விளக்கிலும் இந்தக் கலப்பு தெரியாது. பானெட்டையும் கேபினையும் சேர்த்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கஸ்டம் லாரி என்றதும் பலர் முதலில் கைவைப்பது சேசிஸில்தான். அதற்கும் ஒரு காரணம் உண்டு. 1982-க்கு முன்பு டிரெய்லரோடு சேர்த்து மொத்த நீளத்துக்கே மாநிலங்கள் வரம்பு விதித்தன. எஞ்சினுக்கு மேலே கேபினை வைத்து, மூக்கில்லாமல் லாரி செய்தால் சரக்குக்குக் கூடுதல் அடி கிடைக்கும் என்பதால் அந்த வகை பெருகியது. அந்த ஆண்டு வந்த தேசியச் சட்டம் பெரிய நெடுஞ்சாலைகளில் மொத்த நீள வரம்பை நீக்கியது. அகல வரம்பையும் 102 அங்குலமாக உயர்த்தியது. அதன் பிறகு நீண்ட மூக்கும் நீண்ட சேசிஸும் ஓட்டுநர்களின் பெருமையாகிவிட்டன.

நிஜ வண்டியில் 50 அங்குலம் நீட்டுவதற்கு ஈடாக மாடலில் 5 சென்டிமீட்டர் சேர்க்க வேண்டும். சேசிஸ் சட்டத்தை நேராக அறுத்து நடுவில் துண்டு வைத்தால், அந்த இணைப்பு ஒரு நாள் விரல் பட்டதும் முறியும். அனுபவசாலிகள் படிக்கட்டு வடிவில் அறுப்பார்கள். ஒட்டும் பரப்பு அதிகமாகும். உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை இரு பக்கமும் தாண்டும்படி பதிப்பார்கள். நிஜப் பட்டறைகளிலும் சேசிஸை நீட்டும்போது இதே போன்ற தகட்டைத்தான் உள்ளே வைக்கிறார்கள்.

சேசிஸை நீட்டிவிட்டுப் புரொப்பல்லர் ஷாஃப்டை மறப்பவர்கள் உண்டு. சுழலும் தண்டின் நீளம் இரட்டிப்பானால், அது வளைந்து அதிரத் தொடங்கும் வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். அதனால் நீண்ட லாரிகளில் ஷாஃப்டை இரண்டாகப் பிரித்து நடுவில் பேரிங் வைத்துத் தாங்குகிறார்கள். மாடலில் எதுவும் சுழலப்போவதில்லை என்றாலும், அந்த நடு பேரிங் இல்லாத நீண்ட சேசிஸ் விஷயம் தெரிந்தவர் கண்ணுக்குப் பொய்யாகத்தான் படும்.

பாகங்களை இணைக்கும் திரவப் பசை தண்ணீரைப் போலிருக்கும். உள்ளே அசிட்டோன், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்கள். இரு பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, இடைவெளியின் ஓரத்தில் தூரிகையால் தொட்டால் போதும். நுண்புழை விசையால் திரவம் இடுக்கு முழுக்க ஓடிப் பரவும். இரு பக்கமும் பாலிஸ்டைரீன் இளகும். நீண்ட மூலக்கூறு இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியானதும் மிஞ்சுவது ஒரே பிளாஸ்டிக். மெல்ல அழுத்தினால் இணைப்பில் இளகிய பிளாஸ்டிக் ஒரு கோடாகப் பிதுங்கி நிற்கும். மறுநாள் அதை உப்புத்தாளால் தேய்த்தால் இணைத்த தடமே தெரியாது.

ரெசினில் வார்த்த பாகங்களிடம் இந்த வித்தை பலிக்காது. அதற்கு சயனோஅக்ரிலேட் என்ற சூப்பர் குளூ வேண்டும். காற்றின் ஈரத்தைக் கொண்டு இறுகும் பசை அது. ஆனால் அதன் ஆவி கண்ணாடிப் பாகங்களில் வெள்ளையாகப் படியும். குற்றம் நடந்த இடத்துப் பொருள்களில் காவல்துறை கைரேகையை வெளிக்கொணரப் பயன்படுத்துவதும் இதே ஆவிதான். தொட்டுவிட்டு வைத்த மாடல் கண்ணாடியில் ரேகையே எழுந்து நிற்கும்.

இனி தடிமன். கிட்டின் கேபின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாது. அச்சுக்குள் பிளாஸ்டிக் ஓட அவ்வளவு இடம் தேவை. நிஜ அளவில் அது ஓர் அங்குலக் கனத் தகடு! அவ்வளவு கனத்தில் எந்த லாரியும் கேபின் செய்வதில்லை. எனவே மட்கார்டு, பம்பர் போன்றவற்றின் விளிம்பை மட்டும் உட்புறமாகச் சீவி மெல்லியதாக்குகிறார்கள். கண் பார்ப்பது விளிம்பைத்தான். அதைக் கொண்டே முழுத் தகட்டின் கனத்தையும் அது முடிவு செய்துகொள்கிறது.

பெயின்டிலும் இதே சிக்கல். நிஜ வண்டியின் பெயின்ட் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம். 25-இல் ஒரு பங்கு என்றால் 4 மைக்ரான். ஏர்பிரஷால் எவ்வளவு மெல்லியதாக அடித்தாலும் பிரைமர், நிறம், மேல்பூச்சு மூன்றும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். பழைய பீட்டர்பில்ட் கேபினின் ஒரு சென்டிமீட்டர் ரிவெட் தலை மாடலில் 0.4 மில்லிமீட்டர்தான். இரண்டு கை பெயின்ட் கூடுதலாகப் போனால் ரிவெட் வரிசை மழுங்கிவிடும். மெட்டாலிக் பெயின்ட் இன்னும் மோசம். கார் பெயின்டில் மினுக்கும் 30 மைக்ரான் துகள், மாடலின் மேல் முக்கால் மில்லிமீட்டர்த் துகளாகத் தெரியும். அதனால்தான் மாடலுக்கென்று மிக நுண்ணிய துகள் கலந்த பெயின்ட் வாங்க வேண்டியிருக்கிறது.

பம்பர், டீசல் டேங்க், புகைக்குழாய் எல்லாம் பளபளவென்று வரும். வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்த படலம் அது. திரவப் பசை அந்த உலோகத்தைக் கரைக்காது. ஒட்ட வேண்டிய இடத்தில் சுரண்டியே ஆகவேண்டும். டேங்கின் இரு பாதிகள் சேருமிடத்தில் கோடு விழுந்தால், வீட்டு பிளீச்சில் ஊறவைத்து மினுக்கு முழுவதையும் கழற்றிவிட்டு, கோட்டை நிரப்பித் தேய்த்து, பளபளக்கும் கறுப்பு அடித்து, அதன்மேல் குரோம் பெயின்ட் பூசுவார்கள்.

இவ்வளவு பளபளப்புக்கும் நேர் எதிரான லாரி ஒன்று மாடல்காரர்களை விடாமல் இழுக்கிறது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1971-இல் இயக்கிய தொலைக்காட்சிப் படமான ‘டூயல்’-இல் ஒரு காரை விரட்டும் 1955-ஆம் ஆண்டு பீட்டர்பில்ட் 281 அது. ஒடுங்கிய மூக்கு, எண்ணெயும் துருவும் படிந்த உடம்பு, பம்பரில் பல மாநில நம்பர் பிளேட்டுகள். 359 கிட்டை எடுத்து, மூக்கை ஒடுக்கி, ரெசின் பாகங்கள் சேர்த்து இதைக் கட்டுகிறார்கள். அழுக்கை வண்ணச் சுண்ணப் பொடியில் காட்டுவார்கள். டீசல் கரி புகைக்குழாய்க்குப் பின்னால் எந்தத் திசையில் படியும், டேங்கர் மூடியிலிருந்து எண்ணெய் எப்படி வழியும் என்று யோசித்துத்தான் தூரிகை இறங்கும்.

எடைக் கணக்கையும் பார்த்துவிடலாம். 1638-இல் வெளியான நூலிலேயே கலிலியோ விளக்கியது இது: நீளம் 25 மடங்கு குறைந்தால் கன அளவு 15,625 மடங்கு குறையும். சுமையோடு சேர்த்து அமெரிக்க வரம்பான 80,000 பவுண்டு, அதாவது 36 டன் எடையுள்ள லாரிக்கு ஈடான மாடல் எடை 2.3 கிலோ. பிளாஸ்டிக் மாடல் அதை நெருங்குவதே இல்லை. ஆகவே அதன் டயர்கள் அமுங்காமல் முழு வட்டமாக, மேசையில் மிதப்பதுபோல் நிற்கும். அடிப்பக்கத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துத் தட்டையாக்கினால்தான் வண்டிக்குப் பாரம் வரும்.

பழைய கிட்டுகளின் வினைல் டயர்களில் வேறொரு ஆபத்தும் உண்டு. வினைலை மென்மையாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் ஆண்டுக் கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை அரிக்கும். பெட்டிக்குள் டயர் சாய்ந்து கிடந்தால் கண்ணாடியில் டயரின் தடம் பொறித்ததுபோல் விழுந்துவிடும். சக்கரத்தில் மாட்டிய டயரும் உள்வளையத்தை இளக்கும். விவரம் தெரிந்தவர்கள் கிட்டைத் திறந்ததும் டயர்களையும் கண்ணாடிகளையும் தனித்தனிப் பையில் போட்டுவைப்பார்கள். மாட்டும் நாள் வந்ததும் சக்கர வளையத்தின் மேல் மெல்லிய உலோகத் தாள் ஒன்றைச் சுற்றிய பிறகே டயரை ஏற்றுவார்கள்.